சிவப்புப் பெயிண்டில் நாற்பத்திரண்டு

கமலாத்தாள் வீட்டு டெலிபோன் பெட்டியின் நெற்றியில் 42 என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். எழுதியது டெலிபோன்காரர்கள் அல்ல. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடித்து மிச்சமிருந்த பெயிண்டில், குச்சியில் பஞ்சைச் சுற்றி இவளே எழுதியது. வாசலில் நுழைகிறவன் கண்ணில் முதலில் படுவது சாமி படம் இல்லை, அந்த நாற்பத்திரண்டுதான்.

அத்தனை பெருமை அவளுக்கு. பெருமைக்குக் காரணம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே அவள் புருஷன் நஞ்சப்பனின் அண்ணன் கந்தப்பனுடைய வீடு. அண்ணன் வீட்டுக்கு டெலிபோன் வந்தது, நம்பர் 41. அடுத்த மாதமே நஞ்சப்பன் மனுப் போட்டு, ஆறு மாதம் அலைந்து, நாற்பத்திரண்டை வாங்கிவிட்டுத்தான் மூச்சு விட்டார். கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே வெள்ளக்கல்மேடு என்கிற அந்தச் சிற்றூரில் மொத்தமே இரண்டு டெலிபோன். இரண்டும் ஒருவரோடொருவர் பேசாத இரண்டு வீட்டில் இருந்தன. கூத்தைக் கேளுங்கள்!

பேச்சு நின்று ஆறு வருஷம். பொதுக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் மோட்டார் என்கிற சண்டை. அண்ணனும் தம்பியும் நாலு வார்த்தை கத்திவிட்டு ஓய்ந்துவிட்டார்கள். அவர்கள் பெண்டாட்டிமார் ஓயவில்லை. கந்தப்பன் பெண்டாட்டி பழனாத்தாளும் கமலாத்தாளும் அண்ணன் தம்பியைக் கட்டிய வெறும் ஓரம்படியாள்கள் அல்ல, ஒரே ஊரில் பிறந்தவர்கள். பொள்ளாச்சிக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் நல்லாம்பதி. சின்ன வயசில் பழனாத்தாளின் இடுப்பை விட்டு இறங்காமல் வளர்ந்தவள் கமலாத்தாள். தன் கொழுந்தனுக்கு இவளைப் பெண் கேட்டு இந்த ஊருக்குக் கூட்டிவந்ததே பழனாத்தாள்தான். அப்படிப்பட்ட இரண்டு பேரும் இப்போது எதிரெதிரே வந்தால் ஒருத்தி வரப்பைப் பார்ப்பாள், ஒருத்தி வானத்தைப் பார்ப்பாள்.

நெருக்கடி நிலை முடிந்த வருஷம், சித்திரை மாதம். கோடைமழையோடு அடித்த காற்றில் கிணற்றடிக் கம்பத்தில் இரண்டு வீட்டு டெலிபோன் கம்பியும் அறுந்து விழுந்தன. மறுநாள் லைன்மேன் வந்தான், கம்பத்தில் ஏறினான், முறுக்கினான், இறங்கினான், கமலாத்தாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனான். அன்றைக்கு ஒரு தரமும் அடுத்த நாள் ஒரு தரமும் மணி அடித்தது. எடுத்தால், "தேங்கா லோடு எப்ப ஏத்தறீங்க?" என்று எவனோ கேட்டான். இவர்கள் கடலை போடுகிறவர்கள். தென்னந்தோப்பு அண்ணன் வீட்டுக்குத்தான். கமலாத்தாள், "ராங் நெம்பருங்க" என்று இரண்டு தரமும் வெடுக்கென்று வைத்துவிட்டாள். வைத்தவள் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு மறுபடியும் மணி அடித்தது. நஞ்சப்பன் கட்டுத்தறியில் இருந்தார். கமலாத்தாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். எக்ஸ்சேஞ்சுப் பெண் மலையாளத்தில், "ட்ரங்க் கால் உண்டு, சம்சாரிச்சோ" என்று பேசச் சொன்னாள். அப்புறம் கரகரவென்று ஓர் ஆண் குரல், வரட்டியை உடைக்கிற மாதிரி விட்டு விட்டுக் கேட்டது.

"அலோ... நல்லாம்பதிங்க... ஊட்டுக்காரம்மாங்களா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"அம்மா தவறிட்டாங்க. நேத்துப் பொழுதோட. நாலு மணிக்கு மேல வெக்க முடியாதுங்க... வெயிலு... சீக்கிரம் பொறப்பட்டு..."

ஐயோ அம்மா என்று கமலாத்தாள் போட்ட சத்தத்தில் தறியில் கட்டியிருந்த எருமை கயிற்றை இழுத்தது. குழாய் கையிலிருந்து நழுவிச் சுவரில் மோதித் தொங்கியது. யார், எவர், எந்த வீடு என்று ஒரு வார்த்தை அவள் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் அந்தப் பக்கத்தில் இல்லை. சாவுச் சேதியை அங்கே தாக்கல் என்பார்கள்; கேதம் சொல்ல வந்தவனிடம் பேர் விசாரித்து நிறுத்திவைக்க மாட்டார்கள். காதில் விழுந்ததும் தலைமயிரை அவிழ்த்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். சொல்கிறவனும் பேர் சொல்ல மாட்டான், உறவைத்தான் சொல்லுவான். நடந்து வந்து சொன்ன காலத்தில் அது சரி. வந்தவன் எந்த வாசலில் நிற்கிறான் என்று அவனுக்கே தெரியும். கம்பி வழியாக வந்தவனுக்கு என்ன தெரியும்?

நஞ்சப்பன் ஓடிவந்தார். மாமியார் நாச்சம்மாள் போய்விட்டாள் என்றதும் அவருக்கும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போன மாசம்தான் அந்தக் கிழவி கல்லு மாதிரி இருந்து, "மாப்ள, சோறு பத்தலீங்களா?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டாள். ஆள் அனுப்பி, கொழிஞ்சாம்பாறை முக்கிலிருந்து டாக்ஸி வரவழைத்தார். அதற்குள் கமலாத்தாள் வாசல் மண்ணில் விழுந்து புரண்டு, அம்மா அம்மா என்று அலறி, தொண்டை கட்டிப்போனாள். ஒற்றை மகளையும் கட்டிக்கொடுத்துவிட்ட வீடு. தாங்கிப் பிடிக்கப் பண்ணையத்து ஆளைத் தவிர ஒருத்தர் இல்லை.

கார் வேலியோரம் திரும்பும்போது கமலாத்தாள் பார்த்தாள். அந்தப் பக்கம் பழனாத்தாள் நின்றிருந்தாள். வேலிப்படலில் ஒரு கை, வாயில் முந்தானை. நின்றாளே தவிர ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

"பாத்தீங்களா? எங்கம்மா கையால எத்தன நாளு தின்னிருப்பா! சாவுக்குக்கூட வர மாட்டீங்கறா பாருங்க. நல்லா இருப்பாளா அவ?" என்று கமலாத்தாள் காருக்குள்ளேயே அவளைச் சபித்தாள். சபித்த வாயை அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தன் கையாலேயே பொத்திக்கொள்ளப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

வழியில் துணிக்கடையைத் திறக்கச் சொல்லி, பிணத்துக்குப் போர்த்த, மகள் வீட்டுக் கோடியாக அரக்குச் சேலை ஒன்று வாங்கினார் நஞ்சப்பன். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு நடுவில் முக்கால் மணி நேரம் போயிற்று. நல்லாம்பதி எல்லையில் இறங்கும்போது மணி பதினொன்றரை. டிரைவருக்கு மத்தியானம் கல்யாணச் சவாரி இருந்தது. இறக்கிவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ஊருக்குள் பறைச் சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் கமலாத்தாளுக்கு இருந்த கொஞ்ச உயிரும் போய்விட்டது. அவிழ்ந்த தலையோடு, மாரில் அடித்துக்கொண்டு, பிறந்த வீட்டுச் சந்துக்குள் ஓடினாள்.

"என்னைப் பெத்தவளே! என்னை உட்டுட்டுப் போயிட்டியே! இனி ஆரைப் பாக்க நான் இந்த ஊருக்கு வருவேன்!"

வீட்டு வாசலில் பந்தல் இல்லை. கூட்டம் இல்லை. வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டில்மேல் உட்கார்ந்து நாச்சம்மாள் கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பச்சை மிளகாய்.

கமலாத்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அலறல் பாதியில் நின்றது. செத்தவள் கூழ் குடிக்கிறாள்!

"ஏண்டி, என்ன கோலம் இது? ஆருக்கு என்ன?" என்று நாச்சம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

கமலாத்தாள் கட்டிலை நெருங்கினாள். போய் அம்மாவின் கையைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள், காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது. அப்புறம் கட்டிலோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டு, இப்போது சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் போட்டாள். பின்னாலேயே வந்த நஞ்சப்பன் பேயறைந்தவர் மாதிரி நின்றார். கையில் அரக்குச் சேலை.

நாச்சம்மாள் சேலையைப் பார்த்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். மகளின் தலைவிரி கோலத்தைப் பார்த்தாள். அவள் ஒன்றும் மக்குக் கிழவி இல்லை.

"எனக்கா அது?" என்றாள்.

நஞ்சப்பன் சேலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"நல்ல சேலைதான்," என்று சொல்லிவிட்டு, கிழவி மெதுவாக, "செத்தது நானில்லீங்க மாப்ள. மேலத் தெருவு பாவாத்தா. பழனாவோட அம்மா. நான் அங்கிருந்துதான் ஒரு வாய் கூழுக்கு வந்தேன். அந்தப் புள்ள இன்னும் வல்லியேன்னு எல்லாரும் காத்துக்கிட்டிருக்கறாங்க" என்றாள்.

வேலிப்படலைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கை கமலாத்தாளின் கண்முன் வந்தது. அங்கே ஒருத்தி நாச்சம்மாள் செத்துப்போனாள் என்று நினைத்துக்கொண்டு, தன் அம்மா செத்தது தெரியாமல், மத்தியானச் சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டிருப்பாள்.

மேலத் தெருவுக்கு எப்படிப் போனாள் என்று அவளுக்கு நினைவில்லை. பந்தலில் பாவாத்தாளைக் கிடத்தியிருந்தார்கள். பழனாத்தாளின் தம்பி காளிச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வழியையே பார்த்து நின்றான். இவர்களைக் கண்டதும் ஓடிவந்தான்.

"வாங்க மாமா. அக்கா எங்க? பின்னால வர்றாளா?"

கமலாத்தாள்தான் சொன்னாள். "தாக்கல் எனக்கு வந்துதுங்க. நாந்தான் எடுத்தேன். எங்கம்மாதான்னு நெனச்சுட்டேன்."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ரைஸ்மில் கணக்குப்பிள்ளை பெரியமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஊரில் இருந்த ஒரே டெலிபோன் அவர் மேஜையில்தான். காலையில் பேசியதும் அவர்தான்.

"அதெப்படிங்க? நாப்பத்தொண்ணுதான புக் பண்ணுனேன். காளிச்சாமி எழுதிக் குடுத்த துண்டு இந்தா இருக்குது." சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டினார். "ஒரு பொம்பளைதான் எடுத்தாங்க. ஐயோ அம்மான்னு கத்துனாங்க. நான் பழனாத்தாளுன்னுதான் நெனச்சேன்."

காளிச்சாமி காகிதத்தைப் பார்த்தான். கமலாத்தாளைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"எங்கக்கா ஊட்டு நெம்பருக்குப் போட்டா, உன்ற ஊட்டுல எப்படி மணி அடிக்கும்? சொல்லு. ஆறு வருசமாப் பேச்சில்ல, சரி. அதுக்காக எங்கம்மா சாவுலயா பழி தீக்கறது? எங்கக்காளுக்கு வந்த தாக்கல அமுக்கிப்போட்டு, நீ வந்து நிக்கறயா இங்க?"

அவள் வாழ்க்கையில் வாங்கிய அடிகளில் அதுதான் பெரியது. அடித்திருந்தால்கூடத் தேவலை. காரில் உட்கார்ந்து பழனாத்தாளைச் சபித்தது ஞாபகம் வந்து, தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டாள். நானில்லை, நான் பண்ணலை என்று சொல்ல வந்தது. ஆனால் என்ன சொல்லி நம்பவைப்பது? எப்படி அடித்தது என்று அவளுக்கே தெரியாதே!

"இவள அப்பறம் பேசிக்கலாம்," என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். "இப்பப் பழனாளுக்கு என்ன வழி? மணி பன்னெண்டாகப் போவுது. வண்டி புடிச்சு ஆள் அனுப்புனாப் போக ஒரு மூணு மணி நேரம், அவ வர ஒரு மூணு மணி நேரம். பொழுது உழுந்துரும். ஒடம்பு தாங்காது சாமி, நாலு மணிக்கு மேல ஆகாது."

"மறுபடி போன் போட்டுப் பாக்கறேனுங்க," என்று பெரியமுத்து கிளம்பினார். கமலாத்தாள் அவர் பின்னாலேயே ஓடினாள். யாரும் கூப்பிடவில்லை. யாரும் தடுக்கவுமில்லை.

மில்லில் அவர் அவசர கால் பதிந்தார். நாற்பத்தொன்று. காத்திருந்தார்கள். உமி வாசம், சுவரில் ஓடாத கடிகாரம், மேஜையில் கறுப்பாக அந்த டெலிபோன். ஒன்றேகால் மணிக்கு மணி அடித்தது. பெரியமுத்து காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "ரிங்கு போவுதாமா, ஆரும் எடுக்கலியாமா" என்றார்.

"பழனாக்கா ஊட்டுலதான் இருக்கும். இந்த நேரத்துல எங்கயும் போவாது," என்றாள் கமலாத்தாள்.

"அப்பறம் ஏன் எடுக்கலே?"

ஏன் எடுக்கவில்லை? கமலாத்தாள் அந்தக் கறுப்புச் சனியனையே வெறித்துப் பார்த்தாள். எங்கேயோ ஒரு வீட்டில் மணி அடித்துக்கொண்டிருக்கிறது, எடுக்க ஆளில்லை. ஆளில்லாத வீடு எது? பூட்டிவிட்டு வந்த வீடு எது?

"ஏனுங்க," என்றாள் திடீரென்று. "இந்தப் பொட்டிக்குள்ள அதோட நெம்பரு எங்க இருக்குது?"

பெரியமுத்து அவளை ஒரு மாதிரி பார்த்தார். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம்.

"பொட்டிக்குள்ள நெம்பரே இல்லீங்க. பொட்டிக்கு அதோட நெம்பரு தெரியாது. கம்பி போயி எக்ஸ்சேஞ்சு போர்டுல எந்த ஓட்டையில முடியுதோ, அந்த ஓட்டைக்குத்தான் நெம்பரு. நீங்க கைப்பிடியச் சுத்துனா அங்க அந்த ஓட்டை மேல மூடி உழுவும். அதப் பாத்துத்தான் இன்ன நெம்பரு கூப்புடுதுன்னு அந்தப் பொண்ணுக்கே தெரியும்."

"அப்ப நான் பொட்டி மேல பெயிண்டுல எழுதுனது?"

"அது நீங்க எழுதுனதுங்க. எக்ஸ்சேஞ்சுக்கு அதப் பத்தி என்ன?"

கமலாத்தாள் ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினாள். இரண்டு தரம் வந்த தேங்காய் லோடு. கம்பத்தில் ஏறி இறங்கி, மோர் குடித்துவிட்டுப் போன லைன்மேன். வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுகிற, கட்டிக்கொடுத்த மகள் இந்த வெள்ளிக்கிழமை கூப்பிடாதது. அட பாவி மனுசா! மோரையும் குடித்துவிட்டு அண்ணன் வீட்டுக் கம்பியை என் வீட்டிலும் என் வீட்டுக் கம்பியை அண்ணன் வீட்டிலும் முறுக்கிவிட்டுப் போனாயா!

"நாப்பத்திரண்டுக்குப் போடுங்க," என்றாள்.

"அது உங்க நெம்பருங்களே. ஊட்டப் பூட்டீட்டு வந்துட்டீங்கன்னு..."

"போடுங்கன்னா போடுங்க! நான் கெஞ்சிக் கேக்கறேன்."

மறுபடி பதிந்தார். மறுபடி காத்திருப்பு. பின்னாலேயே வந்து மில் வாசலில் நின்ற நஞ்சப்பன் சூரியனையும் பெண்டாட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வாழ்நாளில் அவள் ஒரு கணக்கில் இப்படி மூழ்கி அவர் பார்த்ததில்லை. ஒன்றே முக்காலுக்கு மணி அடித்தது. பெரியமுத்து குழாயை அவளிடமே கொடுத்துவிட்டார்.

"அலோ? ஆருங்க?"

ஆறு வருஷம் கழித்துக் கேட்கிற குரல். கணக்குச் சரியாகிவிட்டது. ஆனால் சரியாகிவிட்டால் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று அவள் யோசித்து வைக்கவில்லை.

"அக்கா... நாங் கமலா."

இரைச்சலுக்கு நடுவில் அந்தப் பக்கம் பழனாத்தாள் உடைந்துபோனாள்.

"கமலா! அம்மா மொகத்தப் பாத்தியா சாமி? காலையில வேலியோரமா நின்னேன், பாத்திருப்ப. வரணும்னுதான் வந்தேன், காலு வல்லீடி. எந்த மொகத்த வெச்சுக்கிட்டு வருவேன்? எனக்கு அம்மாளுக்கு அம்மாளா சோறு போட்டவ நாச்சம்மா. நான் பாவிடி, உன்ற கையப் புடிச்சு ஒரு வார்த்த சொல்லாம நின்னுட்டேன். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணி எறங்கல எனக்கு..."

அவள் தேற்றிக்கொண்டே போனாள். செத்தது தன் அம்மா என்று தெரியாமல், கமலாத்தாளைத் தேற்றினாள். கமலாத்தாள் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இந்த வார்த்தையைச் சொல்வதற்குப் பதில் நாக்கு அழுகி விழுந்தால் தேவலை என்று இருந்தது. ஆனால் மணி இரண்டாகப் போகிறது.

"அக்கா. எங்கம்மா இருக்குது."

"...என்னடி சொல்ற?"

"எங்கம்மா உசுரோட இருக்குது அக்கா. காலையில எனக்கு வந்த தாக்கல் எனக்கில்ல. உனக்கு."

அலறல் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. அதற்குள் எக்ஸ்சேஞ்சுப் பெண் நடுவில் புகுந்து, மூன்று நிமிஷம் ஆயிற்று என்றாள். கமலாத்தாள் உயிரைக் கொடுத்துக் கத்தினாள்.

"மச்சாண்டாரக் கூட்டிக்கிட்டு தேங்கா டெம்போவுல வந்துரு அக்கா! நீ வர்ற வரைக்கும் எடுக்க உட மாட்டேன்! என்னைத் தாண்டித்தான் எடுக்கோணும்!"

லைன் அறுந்தது. கேட்டாளா இல்லையா, தெரியாது.

பந்தலுக்குத் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது பாதிப் பேர் நம்பவில்லை. காளிச்சாமி நம்பவே இல்லை. உன் நம்பருக்குப் போட்டால் என் அக்கா எடுப்பாளாம், யார் காதில் பூச் சுற்றுகிறாய் என்றான். பெரியமுத்து சத்தியம் பண்ணினார். கமலாத்தாள் சத்தியமெல்லாம் பண்ணவில்லை. போய்ப் பாவாத்தாளின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றரைக்குப் பாடை கட்டியாகிவிட்டது. நாலு மணிக்குப் பெரியவர் எழுந்தார். "எடுக்கலாமப்பா."

"எடுக்கக் கூடாதுங்க," என்றாள் கமலாத்தாள்.

"நீ ஆரு சொல்றதுக்கு?"

"தாக்கல் வாங்குனவ. தாக்கலு ஊடு போயிச் சேர்ற வரைக்கும் அது என்ற பொறுப்புங்க. வேணும்னா என்னையும் சேத்துத் தூக்கிக்கிட்டுப் போங்க."

கூட்டம் முணுமுணுத்தது. நஞ்சப்பனுக்கு மானம் போயிற்று. இருந்தாலும் அவர் பெண்டாட்டி பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நாலரை ஆயிற்று. பறையடிக்கிறவர்கள்கூட உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்தாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது தெருமுனையில் தேங்காய் டெம்போ திரும்பியது. பின்னால், தென்னமட்டைகளுக்கு நடுவில், இரண்டு கையாலும் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு பழனாத்தாள் நின்றிருந்தாள். வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தாள்.

அம்மாவின் முகத்தை அவள் பார்த்தாள். கன்னத்தோடு கன்னம் வைத்துப் பார்த்தாள். காளிச்சாமி தூணில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். பொழுது இறங்குவதற்குள் எடுத்தார்கள். மகள் வீட்டுக் கோடி வாங்கக் கந்தப்பனுக்கு நேரம் இருந்திருக்கவில்லை. நாச்சம்மாள் மருமகன் கையிலிருந்த அரக்குச் சேலையை வாங்கிப் பழனாத்தாளிடம் நீட்டி, "போத்து கண்ணு. நான் இன்னொண்ணு வாங்கிக்கறேன்" என்றாள்.

மூன்றாம் நாள் சாம்பல் கரைத்தபின் இரண்டு குடும்பமும் அதே டெம்போவில் ஊர் திரும்பின. வழியெல்லாம் பழனாத்தாள் ஒரு வார்த்தை பேசவில்லை. வைவாளா, வாழ்த்துவாளா என்று கமலாத்தாளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வீட்டைத் திறந்தாள். கிளம்பிய அன்றைக்கு விட்டபடியே குழாய் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் நஞ்சப்பன் கிளம்பும்போதே அதைக் கொக்கியில் எடுத்து வைத்திருந்தார். பெட்டி மேல் சிவப்பாக 42. அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. கைப்பிடியைக் கரகரவென்று சுற்றினாள்.

"நம்பர் ப்ளீஸ்," என்றாள் எக்ஸ்சேஞ்சுப் பெண்.

"நெம்பரு வேண்டாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் இப்ப எந்த நெம்பர்லிருந்து பேசறேன்?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். "நால்பத்தியொன்னு. எந்தே?" என்று, ஏன் கேட்கிறாய் என்பது போலக் கேட்டாள்.

அவ்வளவுதான். ஒரு கேள்வி, ஒரு பதில். கணக்கு எப்போதோ போட்டு முடித்ததுதான், ஆனாலும் இன்னொருத்தி வாயால் கேட்டபோது கமலாத்தாளுக்குப் பகீரென்றது. இந்த ஒரு கேள்வியைத் தேங்காய் லோடு வந்த அன்றைக்குக் கேட்டிருக்கலாம். மணி எட்டுக்கு மண்ணில் புரளுவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம். குழாயை வைத்துவிட்டு, பெட்டியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள்.

வாசலில் நிழல் விழுந்தது. பழனாத்தாள். ஆறு வருஷத்தில் அந்த வாசற்படியை அவள் மிதித்ததில்லை.

"எதுக்குடி அழுவற?"

"ஒரு வார்த்த கேட்டிருந்தா நீ காலையிலயே போயிருப்ப அக்கா. ஒரு பகல் பூரா உங்கம்மாகூட இருந்திருப்ப. நான் உன்ற தாக்கல எடுத்துக்கிட்டு ஓடிட்டேன். உன்ற அழுகையையும் சேத்து நானே அழுதுட்டேன்."

பழனாத்தாள் உள்ளே வந்தாள். முந்தானையால் கமலாத்தாளின் முகத்தை அழுத்தித் துடைத்தாள், சின்னப் பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி கொஞ்சம் முரட்டுத்தனமாகவே துடைத்தாள்.

"எட்டு மணிக்கு நீ மண்ணுல உழுந்து கத்துனது வேலிக்கு அக்கட்ட நின்ன எனக்குக் கேட்டுது. எங்கம்மா போனதுக்கு எங்க ஊட்டுல யாருமே அழுவாத நேரம் அது," என்றாள். "அவளுக்கு இந்த ஊர்ல மொதல்ல அழுதவ நீதான்டி."